எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்

பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து இதைக் கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய மில்லில் ஆள் குறைக்கிறார்கள், விருப்பப்பட்டவர்கள் தாங்களாக விலகிக்கொள்ளலாம் என்று அறிவித்திருக்கிறார்கள், இவரும் விலகிவிட்டார். இப்போது வேறு மில்லில் நேர்முகத் தேர்வு. "உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. உள்ளதைச் சொல்வது அவ்வளவு லேசான காரியம் என்றால், அந்தக் காலத்தில் நான் ஏன் அத்தனை பாடு பட்டேன்? அவருக்குச் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நூற்பு மில்லில் புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கும் நீங்கள் இதைப் படித்து மெஷின் வேலை எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. அதை மெஷினே காதைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு மில்லில் நூல் நூற்கும் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். மின்வெட்டு, பஞ்சு விலை என்று மாறி மாறி அடி விழுந்து கடைசி ஷிப்டை நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். தாங்களாக விலகிக்கொள்கிறவர்களுக்குச் சேர வேண்டியதுடன் கொஞ்சம் கூடுதலும் உண்டு என்றது அந்த அறிவிப்பு. பக்கத்து மில் ஒன்று அதற்கு முன்பே பூட்டிக்கிடந்தது. அதன் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த ஆட்களைத் தினமும் சைக்கிளில் கடந்து போய்க்கொண்டிருந்தவன் நான். நம் மில்லுக்கும் பூட்டு விழுந்தால் இந்தக் கூடுதலும் கிடைக்காது, சேர வேண்டியதும் கிடைக்காது என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு கதை எதுவும் இல்லை.

நான் யோசிக்காமல் விட்டது இரண்டு விஷயம். ஒன்று, நாங்கள் குடியிருந்தது மில் தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. வேலை போனால் வீடும் போகும். சித்திரைத் திருவிழா முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது விஷயத்தை விளக்க, அந்தக் கால மில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மில்லில் நூல் திருட்டு உண்டு. இடுப்பில் நூலைச் சுற்றிக்கொண்டு மேலே சட்டையை விட்டுக்கொண்டு போவார்கள். அதனால் ஷிப்ட் முடிந்து வெளியே போகும் தொழிலாளிகள் வரிசையில் நின்று, கையைத் தூக்கி, வாட்ச்மேன் தடவிப் பார்த்த பிறகுதான் கேட்டைத் தாண்ட முடியும். எங்களைப் போன்ற சூப்பர்வைசர்கள் பக்கத்தில் இருந்த ஆபீஸ் கேட் வழியாகப் போவோம். அங்கே சோதனை கிடையாது, சலாம்தான். பல வருடம் வேலை பார்த்த ஆள் பிடிபட்டால் போலீசுக்குப் போக மாட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளுவார். சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது. எழுதி வாங்கியவர் அதற்குப் பிறகு யாரிடமும் வாயைத் திறக்க மாட்டார். வேறு மில்லிலிருந்து கேட்டால்கூட, "அவராக விலகினார்" என்பதோடு சரி. எத்தனையோ குடும்பங்கள் இந்த வழக்கத்தால் தெருவுக்கு வராமல் தப்பியிருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதுரைச் சுற்றுவட்டார மில்களில் "எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன்" என்றால் என்ன அர்த்தம் என்று கேட் வாசலில் டீ விற்பவருக்குக்கூடத் தெரியும்.

அறிவிப்பு வருவதற்குச் சற்று முன்னால்தான் எங்கள் மில்லில் அப்படி ஒன்று நடந்திருந்தது. தங்கராசு என்று ஒருவன், என்னைவிடக் கொஞ்சம் இளையவன். நூலைக் கோனில் சுற்றும் பகுதிக்கு சூப்பர்வைசர். ஆபீஸ் கேட்டைத் தாண்டும்போது அவன் சைக்கிள் வழுக்கி, ஹேண்டிலில் தொங்கிய சாப்பாட்டுப் பை விழுந்து, உள்ளே இருந்து ஒரு நூல் கோன் உருண்டு வாட்ச்மேன் காலடியில் போய் நின்றது. நான் அவனுக்குப் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன், கண்ணால் பார்த்தேன். மேனேஜர் வழக்கம்போல எழுதி வாங்கினார். அடுத்து விலகல் திட்டம் வந்ததும் அவன் பெயரையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். மில்லுக்கு அது வசதி. சூப்பர்வைசர்களில் விலகியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு அவனும் நானும் ஒன்று.

இது எனக்கு உறைத்தது செல்லம் மூலமாகத்தான். என் மனைவி. லைனில் தண்ணீர் பிடிக்கப் போனவள் பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள். குழாயடியில் ஒருத்தி, "உங்க வீட்டுக்காரரும் எழுதித்தான் குடுத்தாராக்கும்" என்று கேட்டிருக்கிறாள். செல்லம் அதைச் சொல்லிவிட்டு, குடத்தை வைத்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் செய்யாத தப்புக்கு என் வீட்டிலேயே தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

அந்த நாட்களில் மில் சங்கு ஊதினால் போதும், என் கால் தானாக எழுந்துகொள்ளும். எழுந்து நின்ற பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். இதில் ஒரு கொடுமையைக் கேளுங்கள். பூட்டிவிடுவார்கள் என்று நான் பயந்து ஓடி வந்த மில் பூட்டவே இல்லை. நேரம் தவறாமல் ஊதிக்கொண்டிருந்தது. வீடு தேடி வண்டியூர்த் தெப்பக்குளம் பக்கம் அலைந்தேன். எந்த வீட்டுக்காரரும் வாடகையைப் பேசவில்லை, எங்கே வேலை என்றுதான் முதலில் கேட்டார்கள். வேலை கிடைத்த பிறகு வாருங்கள் என்று மரியாதையாகவே கதவைச் சாத்தினார்கள்.

வேலைக்குப் போய்க் கேட்டால் அங்கே அந்தக் கேள்வி. ஊருக்கு இளைத்தவன் என்று தெரிந்தால் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள் அல்லவா? உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடு, யாரும் அதற்கு மேல் தோண்ட மாட்டார்கள் என்றார் ஒரு நண்பர். திண்டுக்கல் ரோட்டு மில் ஒன்றில் அப்படியே சொன்னேன். கேட்டவர் என் நெஞ்சைப் பார்த்தார். இருமல் உண்டா என்றார். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் ஒரு மில்லை விட்டவன் இன்னொரு மில்லுக்கு எதற்கு வருகிறாய் என்று கேட்டு அனுப்பிவிட்டார். சொல்லப்போனால் கேள்வியும் நியாயமானதுதான்.

அடுத்த இடத்துக்கு வேறு பொய்யோடு போனேன். கோச்சடையில் பூர்வீக நிலம், விவசாயத்தைப் பார்த்துக்கொள்ள விலகினேன் என்றேன். நிலம் என்று ஒன்று இருந்தது என் தாத்தா காலத்தில். கேட்டவர் சோழவந்தான்காரராக வாய்த்தார். என் சர்டிபிகேட்டை மூடி வைத்துவிட்டு ஆசையாகக் கேட்டார்.

"கோச்சடையா? கண்மாயில இப்ப தண்ணி எம்புட்டுக் கெடக்கு?"

நிறையக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த வருடம் மழை பொய்த்து, கண்மாயில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் திட்டவில்லை. சர்டிபிகேட்டை என் பக்கமாக மெதுவாக நகர்த்தினார். பொய் சொல்பவன் எதையோ மறைக்கிறான், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் எதை மறைப்பான் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்று சாயந்திரம் சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் இறங்கினால், தங்கராசு நிற்கிறான். எனக்காகத்தான் காத்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். உறவுக்காரர் ஒருவரின் மொத்த வியாபாரக் கடையில் சும்மா போய் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா மில்லில் சூப்பர்வைசர் என்று சொல்லித்தான் நிச்சயம் செய்திருந்தார்கள்.

"அண்ணே, நானும் நீங்களும் ஒரே கேட்டுகளைத்தான் தட்டிக்கிட்டுத் திரியிறோம். எங்கயாச்சும் என் பேச்சு வந்தா, தெரியலன்னு மட்டும் சொல்லிருங்க."

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உன்னால்தானடா என் பெயரும் சேர்ந்து நாறுகிறது, குழாயடியில் என் பெண்டாட்டி தண்ணீர் பிடிக்க முடியவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. டவுன் பஸ் ஒன்று வந்தது, அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.

திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகு திருமங்கலம் ரோட்டில் இருந்த ஒரு புது மில்லில் இருந்து எனக்கு நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. இதுவும் தவறினால் தட்டுமுட்டுச் சாமான்களோடு செல்லத்தின் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணன் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுக்கும்போது செல்லம் சொன்னாள்.

"இந்தத் தடவையாவது நெசத்தைச் சொல்லிட்டு வாங்க. பொய்யி உங்களுக்கு ஒட்ட மாட்டேங்குது."

அந்த மில்லின் மேனேஜர் ஒல்லியான மனிதர். மேஜைமேல் ஒரு கொத்துப் பஞ்சு. பஞ்சின் இழை நீளம் பார்க்க விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்போமே, அதைச் செய்துகொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையைப் பற்றி நாலு கேள்வி கேட்டார். அதற்கெல்லாம் தடுமாறாமல் சொன்னேன். பிறகு நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. நீங்களாக எழுதிக் கொடுத்தீர்களா, எழுதி வாங்கினார்களா என்றார்.

"நானாத்தான் சார் எழுதிக் குடுத்தேன். மில்லு நின்னு போயிரும்னு பயந்தேன். நிக்கிறதுக்கு முன்னாடி வேற எடம் பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"நின்னுபோச்சா?"

"இல்ல சார். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. எனக்கு உடம்பில் பாதிப் பாரம் இறங்கியது. இவ்வளவுதானா, இதைச் சொல்லவா இத்தனை நாள் பயந்தேன் என்று நினைத்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கான பதில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. பழைய முதலாளியைத் திட்டக் கூடாது, தன்னைத் தானே நொந்துகொள்ளக் கூடாது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மில்லுல இருந்து ரெண்டு சூப்பர்வைசர் விலகியிருக்கீங்க. அதுல ஒருத்தர் நூலு எடுத்து மாட்டுனவர்னு காதுக்கு வந்திருக்கு. யாருன்னு உங்க மேனேஜர் சொல்ல மாட்டேங்கிறார். இன்னொருத்தரும் இங்க மனுப் போட்டிருக்கார். எங்கிட்ட ரெண்டு எடம் காலி இருக்கு. நீங்களே சொல்லுங்க."

சிறிய அறை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தங்கராசுதான் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் இல்லை என்ற ஒரு சொல் போதும். அது முழு உண்மை. ஆனால் இருப்பது இரண்டு பேர். நான் இல்லை என்றால் மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. என்னைச் சுத்தம் செய்துகொள்ளும் அந்த ஒரு சொல்லில் அவன் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் எனக்கு வேலையும் இல்லை, குடியிருக்க வீடும் இல்லை. செல்லம் குழாயடியிலிருந்து திரும்பிவந்த முகம் கண்முன் நின்றது. எழுதிக் கொடுத்தவனுக்காகப் பழைய மில் மேனேஜர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதை நான் திறந்து வைப்பதா? இப்படியெல்லாம் நிதானமாக யோசித்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். அப்போது மேஜைமேல் இருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இதெல்லாம் பிறகு உட்கார்ந்து யோசித்தது.

"சார், நான் இல்லைன்னு சொன்னா அவரைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதனால அதைச் சொல்ல மாட்டேன்."

"அப்ப உங்களை நான் எப்பிடி நம்புறது?"

இதற்கு நான் சொன்ன பதிலை வழியில் யோசித்து வைத்திருக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நம்ப வேணாம் சார். ஷிப்ட் முடிஞ்சா நான் ஆபீஸ் கேட்டுல போகலை. ஆளுங்க வரிசையில நிக்கிறேன். அவங்களைத் தடவுற மாதிரி என்னையும் தடவிப் பாத்து அனுப்புங்க."

மில்லில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இறக்கம் என்று தெரியும். காலையில் யாரை வேலை வாங்குகிறோமோ, சாயந்திரம் அவர்களோடு வரிசையில் நின்று கையைத் தூக்க வேண்டும். மேனேஜர் பஞ்சை மறுபடி கையில் எடுத்தார். இன்னொருவருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறீர்களா என்று கேட்டார். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். போய்விட்டு வாருங்கள் என்றார். வேலை உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். மானமும் போச்சு, வேலையும் போச்சு என்றுதான் வீட்டில் போய்ச் சொன்னேன். செல்லம் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

கட்டிய சாமான்கள் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே வேலை உத்தரவு வந்துவிட்டது. தெப்பக்குளம் பக்கம் கதவைச் சாத்திய அதே வீட்டுக்காரர் இந்தத் தடவை மோர் கொடுத்தார். தங்கராசுக்கும் உத்தரவு வந்திருந்தது. அவனிடமும் மேனேஜர் வரிசையைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அவன் சரி என்றிருக்கிறான்.

முதல் நாள் சாயந்திரம் சங்கு ஊதியதும் அந்த வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்ற தொழிலாளி திரும்பிப் பார்த்து, வழி தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைத்து, ஆபீஸ் கேட் அந்தப் பக்கம் என்று கை காட்டினார். தெரியும் என்றேன். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. மறுநாள் காலை மெஷின் ஓரம் ஒருவரை வேகமாகப் பஞ்சை மாற்றச் சொன்னால், அவர் கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். பல நாள் இந்தக் கேலி தொடர்ந்தது. கசப்பாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். எனக்கு முன்னால் தங்கராசு நிற்பான். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் இல்லை. அவன் பெண் கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், மொய் எழுதினேன், வந்துவிட்டேன்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். வேலையைப் பற்றி நல்லவிதமாகவே பேசினார். பிறகு, இனிமேல் நீங்கள் ஆபீஸ் கேட்டிலேயே போகலாம் என்றார். தங்கராசுவும்தானா என்று கேட்டேன். அவர் இன்னும் கொஞ்ச நாள் வரிசையிலேயே வரட்டும் என்றார் மேனேஜர். நூல் எடுத்தது யார் என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். நானும் சரி சார் என்றுதான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குப் போய் முதலில் செல்லத்திடம் சொல்ல வேண்டும் என்று ஷிப்ட் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கு ஊதியது. வேலைக்கூடத்தை விட்டு வெளியே வந்தால் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஆபீஸ் கேட், வலது பக்கம் வரிசை. தங்கராசு முன்பே போய் நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் வழக்கமாக நான் நிற்கும் இடம் காலியாக இருந்தது. இடது பக்கம் நாலு எட்டு வைத்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவனைப் பார்த்தார்கள். அன்றைக்கு மேனேஜர் அறையில் நான் சொல்லாமல் விழுங்கிய சொல்லை இப்போது என் கால் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். வரிசை நகர்ந்தது. அவன் திரும்பாமலேயே கேட்டான்.

"ஏண்ணே, வழி மறந்துபோச்சா?"

"பழக்க தோசம்டா" என்றேன்.

எங்கள் முறை வந்தது. வாட்ச்மேன் அவனையும் என்னையும் ஒரே மாதிரி தடவிப் பார்த்தார். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி, "போய்ட்டு வாங்க சார்" என்றார்.